சின்ன ஊர், பழைய காதல், இரண்டாம் வாய்ப்பு: இந்த நாவல்களில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "ஊரை விட்டுப் போனவள் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். பழைய காதலன் அதே ஊரில் கடை வைத்திருக்கிறான். முதலில் முறைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். எல்லா நாவலும் இதுதானே? ஆங்கிலத்தில் இதை இவ்வளவு பேர் ஏன் தேடித் தேடிப் படிக்கிறார்கள்?"

நான் இந்த வகை நாவல்களைப் பல வருஷமாக விரும்பிப் படிக்கிறவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் பதிலின் சாரம் ஒன்றே ஒன்று. இந்தக் கதைகளில் ஊர் வெறும் அழகான பின்னணி கிடையாது. 'நான் மாறிவிட்டேன்' என்று ஒருவர் சொல்வதை நம்பலாமா என்ற கேள்விக்கு அந்த ஊர்தான் சாட்சி. சாட்சி இல்லாமல் இரண்டாம் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை.

முடிவு முன்பே தெரியும் என்பதை முதலில் பார்ப்போம். அது உண்மைதான், அதை யாரும் மறைப்பதும் இல்லை. 1980ல் தொடங்கிய அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்தது. கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு ஊரின் வாசகிகளோடு பேசி 1984ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'ஸ்மித்டன்' என்று அழைத்தார். புத்தகத்தை வாங்குவதற்கு முன்பே கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடும் பெண்கள் அதில் வருகிறார்கள். நாள் முழுக்கக் கணவன், பிள்ளைகள், வீடு என்று மற்றவர்களுக்காகவே ஓடும் அவர்கள், படிக்கும் நேரத்தைத் தங்களுக்கே உரிய நேரமாகக் காத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் தங்களை நோகடிக்காத ஒரு கதையை அவர்கள் தேடியதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் பதற்றம் எங்கிருந்து வரும்? சாதாரணக் காதல் கதையில் 'இவர்களுக்குள் காதல் வருமா' என்று காத்திருப்போம். இங்கே காதல் ஏற்கெனவே வந்து, முறிந்தும் போயிருக்கிறது. அதனால் கேள்விகள் வேறு. அன்று என்ன நடந்தது? யார் மேல் தவறு? விட்டுப் போனவர் இன்று வேறு ஆளா, அதே ஆளா? வேறு ஆள் என்றால், அதைக் காயப்பட்டவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கடைசிக் கேள்விதான் கனமானது. காதல் இருக்கிறதா என்பதைக் கண் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருவர் மாறிவிட்டாரா என்பதை அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு நாட்கள் வேண்டும், அந்த நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்களும் வேண்டும்.

இந்த வகையின் மூத்த நாவல், இன்றும் மிகச் சிறந்த நாவல், ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. அவர் இறந்த சில மாதங்களில், 1817 டிசம்பரில் வெளியானது. கதை நடப்பது 1814ல். ஆனி எலியட் ஒரு பிரபுவின் மகள், வயது 27. எட்டு வருஷத்துக்கு முன், 19 வயதில், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி ஃப்ரெடெரிக் வென்ட்வொர்த்தை மணக்கச் சம்மதித்தாள். அம்மா இல்லாத அவளுக்கு அம்மா மாதிரி இருந்த லேடி ரஸல், 'இது வேண்டாம்' என்று எடுத்துச் சொன்னதும் பின்வாங்கினாள். அவன் கோபத்தோடு கடலுக்குப் போனான். போரில் பிடித்த கப்பல்களின் பரிசுப் பணத்தால் 25,000 பவுண்டுக்குச் சொந்தக்காரனாகத் திரும்பி வருகிறான். இதற்கிடையில் அவளுடைய அப்பா கடனில் மூழ்கி வீட்டை வாடகைக்கு விடுகிறார். அங்கே குடிவருகிறவர் வென்ட்வொர்த்தின் அக்காவும் அவளுடைய கணவரும். விலகிப் போக வழியே இல்லை. ஒரே விருந்து, ஒரே நடை, ஒரே வண்டி.

ஊர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆனியைப் பார்த்துவிட்டு வென்ட்வொர்த், 'அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள்' என்று வேறொருத்தியிடம் சொல்கிறான். அது ஆனியின் தங்கை வாய் வழியாக உடனே ஆனியின் காதுக்கு வந்துவிடுகிறது. பெரிய நகரத்தில் அந்தச் சொல் காற்றோடு போயிருக்கும். அப்புறம் வென்ட்வொர்த் பக்கத்து வீட்டு லூயிஸாவோடு சகஜமாகப் பழகுகிறான். லைம் துறைமுகத்தின் கல் சுவரிலிருந்து அவள் குதித்து, விழுந்து, மயங்கிக் கிடக்கும்போது எல்லோரும் கைகால் ஆடாமல் நிற்கிறார்கள். நிதானமாக நின்று வைத்தியரை அழைக்கச் சொல்கிறவள் ஆனி. அதை அவன் பார்க்கிறான். ஆனால் அதற்குள் அவனும் லூயிஸாவும் நிச்சயமானவர்கள் மாதிரி சுற்றி இருப்பவர்கள் நினைத்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியவருகிறது. அவன் வாயைத் திறக்காமலேயே ஊர் அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டது! தன் நடத்தைக்கு அர்த்தம் சொல்லும் உரிமை தன்னிடம் மட்டும் இல்லை என்பதை அங்கே அவன் கற்றுக்கொள்கிறான்.

இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அச்சில் வராத ஒரு பகுதி பற்றியது. ஆஸ்டின் 1816 ஜூலையில் ஒரு முடிவை எழுதி முடித்தார். அதில் ஆனியும் வென்ட்வொர்த்தும் அவனுடைய அக்கா வீட்டில் தனியாகச் சந்திக்கிறார்கள். அவள் வேறொருவரை மணக்கப் போகிறாள் என்ற வதந்தி உண்மையா என்று அவன் விசாரிக்க வேண்டிய நிலை. அவள் இல்லை என்கிறாள், சேர்கிறார்கள். அவருக்கு அது திருப்தி தரவில்லை. சில வாரங்களில் திருத்தி வேறு விதமாக எழுதினார். புதிய முடிவில் பாத் நகரத்து விடுதி அறை ஒன்றில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். யார் அதிக காலம் காதலை மறக்காமல் இருப்பார்கள், ஆணா பெண்ணா என்று ஆனி வேறொரு நண்பரோடு பேசுகிறாள். சற்றுத் தள்ளி மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்துக்கு அது கேட்கிறது. எல்லோரும் இருக்கும் அறையிலேயே அவன் அவளுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். கைவிட்ட அந்த இரண்டு அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் இந்த வகை நாவல் எப்படி வேலை செய்கிறது என்பது பளிச்சென்று விளங்கும். முதல் முடிவில் ஒரு தகவல் சரியானதும் காதல் சேர்கிறது. இரண்டாவதில் நாலு பேர் நடுவே, அவன் கேட்பான் என்ற உறுதி இல்லாமலேயே, தன் எட்டு வருஷத்தை அவள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள்.

சேர்ந்த பிறகும் ஆஸ்டின் விடவில்லை. வென்ட்வொர்த் கேட்கிறான்: 1808ல் கையில் கொஞ்சம் பணத்தோடு திரும்பியபோது நான் கடிதம் போட்டிருந்தால் பதில் எழுதியிருப்பாயா? நிச்சயமாக எழுதியிருப்பாள். அப்படியென்றால் மீதி ஆறு வருஷப் பிரிவுக்கு லேடி ரஸல் பொறுப்பில்லை, தன் கர்வமே பொறுப்பு என்று அவன் ஒத்துக்கொள்கிறான். நல்ல இரண்டாம் வாய்ப்புக் கதைக்கு இது உயிர்நாடி. ஒருவர் குற்றவாளி, இன்னொருவர் தியாகி என்று இருந்தால் அது மன்னிப்புக் கதையாக மட்டும் நிற்கும். இருவரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டால்தான் இரண்டாம் முறை முதல் முறையிலிருந்து வேறாக இருக்கும் என்று நம்ப முடிகிறது.

இனி இன்றைய அமெரிக்க, கனடிய நாவல்களுக்கு வருவோம். டெபி மகோம்பரின் 'சீடார் கோவ்' வரிசை 2001ல் தொடங்கியது. அவர் வாழும் வாஷிங்டன் மாநிலத்து போர்ட் ஆர்ச்சர்டை வைத்து உருவாக்கிய கற்பனை ஊர் அது. முதல் நாவலில் ஒரு இளம் தம்பதி விவாகரத்துக்கு வருகிறார்கள். கணவன் கடற்படையில் இருக்கிறான். பிறந்த குழந்தையை இழந்த துக்கம் இருவரையும் பிரித்துவிட்டது. நீதிபதி ஒலிவியா, தன் மகனை இழந்து அதே வழியில் மணவாழ்க்கையும் முறிந்தவர். அவர் அந்தத் தம்பதியின் விவாகரத்துக்கு வழிவிட மறுக்கிறார். நீதிமன்றத்தில் இருந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அதை எழுத, ஊரே பேசுகிறது. சட்டப்படி இப்படி நடக்குமா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. கதையாக இது அருமையான தொடக்கம். இரண்டு பேர் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ள நினைத்த உறவு ஊருக்கே தெரிந்ததாகிவிட்டது. இனி அவர்கள் பிரிந்தாலும் சேர்ந்தாலும் அதற்குக் காரணம் தேடியாக வேண்டும், முதலில் தங்களுக்குள்ளேயே.

ராபின் கார் எழுதிய 'விர்ஜின் ரிவர்' 2007ல் வந்தது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடராகி உலகம் முழுக்கப் போனது. மெல் என்ற செவிலியர், கணவனை இழந்தவள், லாஸ் ஏஞ்சலஸை விட்டு வட கலிஃபோர்னியாவின் மலைக்காட்டுக்குள் ஒரு குக்கிராமத்துக்கு வேலைக்கு வருகிறாள். தருவதாகச் சொன்ன வீடு பாழடைந்து கிடக்கிறது. உடனே கிளம்ப நினைக்கிறாள். டாக்டர் வீட்டு வாசலில் யாரோ ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக, கிளம்ப முடியவில்லை. இங்கே இரண்டாம் வாய்ப்பு பழைய ஆளோடு இல்லை, வாழ்க்கையோடு. ரொமான்ஸ் வாசகர்கள் இரண்டையுமே 'செகண்ட் சான்ஸ்' என்கிறார்கள். இரண்டாவது வகையில் போட்டி கடினம், ஏனென்றால் இறந்துபோனவர் இனித் தவறே செய்ய மாட்டார். ஊரில் பார் நடத்தும் ஜாக், அந்த இறந்த கணவனோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தில் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் கதையின் நல்ல பகுதி.

கார்லி ஃபார்ச்சூனின் 2022 நாவல் 'எவ்ரி சம்மர் ஆஃப்டர்' நேரடியாக முதல் வகை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பேரீஸ் பே (Barry's Bay) என்ற ஊர், கற்பனை இல்லை, நிஜமான ஏரிக்கரை ஊர். சுற்றுவட்டாரத்தில் போலந்து வம்சாவளியினர் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். நாவலில் வரும் சாம் குடும்பத்து உணவகமும் போலந்துச் சமையல்தான் பரிமாறுகிறது. பெர்ஸி பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சாமின் அம்மா இறந்த செய்தி வந்ததும் புறப்படுகிறாள். ஆறு கோடைக்காலங்கள் ஒரு பக்கம், இன்றைய சில நாட்கள் இன்னொரு பக்கம் என்று அத்தியாயங்கள் மாறி மாறி வருகின்றன. இந்தக் கட்டமைப்பு இந்த வகைக்கென்றே செய்தது மாதிரி பொருந்தும். பழைய கதை முறிவை நோக்கி இறங்கிக்கொண்டே போகும், இன்றைய கதை சேர்வதை நோக்கி ஏறிக்கொண்டே வரும், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது நமக்கு அந்தப் பழைய ரகசியம் கிடைக்கும். இதில் மறைத்து வைத்த குற்றம் நாயகியுடையது என்பது எனக்குப் பிடித்திருந்தது. தவறு செய்கிற உரிமையை நாயகனுக்கு மட்டுமே தருகிற நாவல்கள் நிறைய இருக்கின்றன.

மூன்றிலும் ஊர் செய்யும் முதல் வேலை வெளிப்படையானது. ஒரே மருத்துவமனை, ஒரே மதுக்கடை, ஒரே பேக்கரி, வருஷத்துக்கு ஒரு திருவிழா. ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாது. எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி, தற்செயல் சந்திப்புகளை வலிந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவள் இல்லாத பத்து வருஷத்தில் அவன் எப்படி இருந்தான் என்பதை அவன் சொல்வதில்லை. மளிகைக் கடைக்காரம்மா சொல்கிறாள், பழைய பள்ளி ஆசிரியர் சொல்கிறார், அவனால் ஏமாந்த நண்பன் சொல்கிறான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவன் கூடவே இருந்ததை யாரோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தன்னைப் பற்றி ஒருவன் தானே சொல்லும் நல்லதை நாம் பாதிதான் நம்புவோம். அடுத்தவர் வாயிலிருந்து, அதுவும் அவனை முன்பு திட்டியவர் வாயிலிருந்து வந்தால் அதற்குத் தனி மதிப்பு. ஊர்ப்பேச்சு இந்த நாவல்களில் செய்கிற நல்ல காரியம் இது.

இந்த இடத்தில்தான் தமிழ் வாசகருக்கு ஒரு நெருக்கமும் ஒரு தூரமும் சேர்ந்தே வருகின்றன. ஊர்ப்பேச்சுக்கும் காதலுக்கும் உள்ள உறவு நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. அலர் என்று அதற்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்' என்கிறது 1147ஆவது குறள். ஊர் பேசப் பேசக் காதல் வளர்கிறது. இந்த அமெரிக்க நாவல்களில் ஊரார் செய்வதும் அதேதான். சேர்ந்துவிடுவார்களா என்று பந்தயம் கட்டுகிறார்கள், வேண்டுமென்றே ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்கள். ஆனால் நாம் அறிந்த ஊர் வேறு. முறிந்த காதலோடு ஊர் திரும்பும் பெண்ணுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது விசாரணை. சாதியும் குடும்ப மானமும் நடுவே வந்துவிட்டால் சாட்சிகளே தண்டிக்கிறவர்களாக மாறுவார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும், ஆனாலும் தண்டிக்காத ஒரு ஊர்! இந்த நாவல்களின் மிகப் பெரிய ஆசைக்கனவு நாயகன்கூட இல்லை, இந்த ஊர்தான் என்று நான் நினைக்கிறேன். நம்மில் பலர் அங்கே போய் உட்கார்ந்துகொள்வதற்கு அந்தக் கனவே போதுமான காரணம்.

அடுத்தது மன்னிப்பு கேட்கும் காட்சி. ஆங்கில ரொமான்ஸ் வாசகிகள் இதை 'க்ரோவல்' என்பார்கள். நாயகன் தரையில் புரண்டாவது மன்னிப்பு கேட்க வேண்டும், அது போதுமான அளவு இருந்ததா என்று அவர்கள் மணிக்கணக்காக விவாதிப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பழிவாங்கும் ஆசை மாதிரி தெரியலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 'ஸாரி' என்ற சொல் மலிவானது. உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அன்று நீ எப்படி உணர்ந்திருப்பாய் என்று நான் யோசித்திருக்கிறேன் என்று காட்டுவது விலை உயர்ந்தது. பூங்கொத்தும் மழையில் நின்று கத்துவதும் அதற்கு ஈடாகாது. 'பெர்சுவேஷன்' நாவலில் அவன் வாய் திறப்பதற்கு வெகு முன்பே, குனிந்திருக்கும் ஆனியின் முதுகில் தொற்றிக்கொண்டு தொல்லை செய்யும் சின்னப் பையனைச் சத்தமில்லாமல் தூக்கி விலக்குகிறான். நடந்து களைத்தவளை அக்காவின் வண்டியில் ஏற்றிவிடுகிறான். கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் அவள் களைப்பு அவன் கண்ணில் படுகிறது. இவ்வளவு சின்ன விஷயத்தில்தான் நாம் அவனை நம்பத் தொடங்குகிறோம். இன்றைய நாவல்களிலும் நான் தேடுவது இந்த மாதிரி இடங்களைத்தான்.

பமேலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003ல் ரொமான்ஸ் நாவலின் எட்டு அங்கங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்று, இனிச் சேரவே மாட்டார்கள் என்று தோன்றும் கட்டம். அதை அவர் சடங்கு மரணம் என்கிறார். இரண்டாம் வாய்ப்புக் கதையில் அந்த மரணம் கதை தொடங்கும் முன்பே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. அதனால்தான் பல எழுத்தாளர்கள் இறுதிக்கு முன் மறுபடியும் ஒரு பிரிவை வலிந்து வைக்கும்போது எரிச்சல் வருகிறது. ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் சண்டையை அறுபது பக்கம் இழுத்தால் புத்தகத்தை மூடத்தான் தோன்றும். முதல் முறிவின் காரணமும் வலுவாக இருக்க வேண்டும்: அந்த வயதில், அந்த அறிவோடு, வேறு முடிவு எடுத்திருக்க முடியாது என்று தோன்ற வேண்டும். வறுமை, நோய்வாய்ப்பட்ட அப்பா, இருவரில் ஒருவருக்கு மட்டும் கிடைத்த கல்லூரி இடம், குழந்தையின் இறப்பு. இவை நிற்கும். 'யாரோ ஒரு கடிதத்தை ஒளித்துவைத்துவிட்டார்கள்' என்பது நிற்காது, ஏனென்றால் அங்கே இருவரும் மாற வேண்டிய அவசியமே இல்லை.

வாசகர்களின் வயதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முதல் காதல் கதைகள் வாழ்க்கை இன்னும் தொடங்காதவர்களைப் பற்றியவை. இந்த நாவல்களின் நாயகிகளில் பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். விவாகரத்து ஆனவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்கள். 'அன்றைக்கு நான் வேறு மாதிரி முடிவு எடுத்திருந்தால்' என்ற நினைப்பு யாருக்குத்தான் வரவில்லை? கனடிய நாவலின் பெர்ஸிக்கும் ஆஸ்டினின் ஆனிக்கும் 200 வருஷம் இடைவெளி, ஆனால் இருவரும் சுமப்பது இதே நினைப்பைத்தான். இளமை போய்விட்டதாக ஊர் முடிவு கட்டிய 27 வயதுப் பெண்ணை 1817லேயே நாயகியாக்கிய ஆஸ்டினுக்கு இந்த வகை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அவர் ஆனிக்குத் தந்தது பழைய 19 வயதை இல்லை. யார் சொல்லுக்கு எவ்வளவு செவிசாய்ப்பது என்று தெரிந்த ஒரு பெண்ணாக அவளைக் காதலிக்கும் ஒருவனைத் தந்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நாவல்களில் வரும் சின்ன ஊரும் நிஜ அமெரிக்கச் சின்ன ஊரும் ஒன்று இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி அமெரிக்கர்களில் சுமார் 80 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டிருக்கின்றன அல்லது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தியிருக்கின்றன. தொழிற்சாலை போய், வேலை போய், போதை மாத்திரைகளால் சீரழிந்த ஊர்கள் நிறைய. அந்தப் பின்னணியில் 'விர்ஜின் ரிவர்' நாயகி ஒரு செவிலியர், பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் என்பதை யோசியுங்கள். ஊரை விட்டுப் போன படிப்பும் திறமையும் திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கம் அந்தக் காதலுக்குள்ளேயே இருக்கிறது. பேக்கரியை மறுபடி திறக்கும் நாயகி, பழைய விடுதியைப் புதுப்பிக்கும் நாயகன் எல்லோரும் இந்த வரிசைதான். இரண்டாம் வாய்ப்பு ஊருக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஊர்களில் வெள்ளையர்கள் மட்டுமே இருப்பது இன்னொரு குறை. நல்ல பதில் பெவர்லி ஜென்கின்ஸிடம் இருக்கிறது. 2009ல் தொடங்கிய அவருடைய 'பிளெஸ்ஸிங்ஸ்' வரிசை கான்சஸ் மாநிலத்தில் ஹென்றி ஆடம்ஸ் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877ல் அதே மாநிலத்தில் நிறுவிய நிக்கோடிமஸ் போன்ற நிஜ ஊர்களின் வழி வந்த ஊர் அது. கடனில் முழுகி இணையத்தில் ஏலத்துக்கு வந்த அந்த ஊரை, ஏமாற்றிய கணவனிடமிருந்து விவாகரத்தில் பெரும் பணம் பெற்ற பெர்னடீன் வாங்கிவிடுகிறாள்! ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் இடமாக அதை மாற்றுகிறாள். அங்கே மேயராக இருக்கும் டிரென்டும், ஊருக்குத் திரும்பி வரும் லில்லியும் பள்ளி நாள் காதலர்கள். ஒரு பெண்ணுக்கும், ஒரு ஜோடிக்கும், சில பிள்ளைகளுக்கும், ஒரு ஊரின் வரலாற்றுக்கும் ஒரே நேரத்தில் இரண்டாம் வாய்ப்பு. இந்த வரிசையைக் காதல் நாவல் என்பதைவிட ஊர் நாவல் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

வேறு இரண்டு விஷயங்களில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. குழந்தை பிறந்ததையே அப்பாவிடம் மறைத்து, ஐந்தாறு வருஷம் கழித்துத் தெரியவரும் கதைகளை நான் தவிர்க்கிறேன். பெரியவர்கள் இருவரும் மன்னித்துச் சேர்ந்துவிடலாம், அந்தப் பிள்ளை இழந்த வருஷங்களை யாரும் திருப்பித் தர முடியாது. அதைவிட முக்கியமானது: அடித்தவனுக்கு, அச்சுறுத்தியவனுக்கு இரண்டாம் வாய்ப்பு தரும் நாவல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் எனக்கு ஏற்பில்லை. ஒருவரை விட்டுப் போனது வேறு, ஒருவரைச் சிதைத்தது வேறு. நாயகி நகரத்து வேலையை உதறினால்தான் நிம்மதி என்று முடிக்கும் பழக்கமும் அலுப்புத் தட்டிவிட்டது. எமிலி ஹென்றி 2022ல், அந்தக் கதைகளில் சின்ன ஊர்க் காதலிக்காக நாயகன் கைவிட்டுவிடும் நகரத்துப் பெண்ணையே நாயகியாக்கி, அவள் தன் வேலையை நேசிப்பதை மதித்து ஒரு நாவல் எழுதினார். அந்த மாற்றம் எனக்கு உற்சாகமாக இருந்தது.

சரி, படித்துப் பார்க்கலாம் என்று தோன்றினால் எங்கே தொடங்குவது? பழைய ஆங்கிலம் பயமுறுத்தாது என்றால் தயங்காமல் 'பெர்சுவேஷன்'. ஆஸ்டினின் முடிந்த நாவல்களில் அளவில் சிறியவற்றில் ஒன்று, காப்புரிமை முடிந்ததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதல் மூன்று அத்தியாயம் அப்பாவின் கடனைப் பற்றி மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் பழைய காதல் வந்துவிடும். இன்றைய எளிய நடை வேண்டுமென்றால் கார்லி ஃபார்ச்சூன். பல புத்தகங்கள் தொடர்ந்து ஒரே ஊரில் வாழ ஆசை என்றால் சீடார் கோவ் அல்லது ஹென்றி ஆடம்ஸ். எதை எடுத்தாலும் காதலர்கள் தனியாக இருக்கும் காட்சிகளை மட்டும் தேடிப் புரட்டாதீர்கள். கடைக்காரரும் அக்காவும் பக்கத்து வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அவள் ஏன் அவனை மறுபடி நம்பினாள் என்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் கிடக்கும்.